எட்டாவது கல்

ஜூன் 3, திங்கள்

ஆபீஸ் டைரியில எழுதினது: "கோட்டைவலசு கிராமம். கோட்டைப்பள்ளம் நீர்நிலை ஆக்கிரமிப்பு. இறுதி அறிவிப்பு சார்வு செய்யப்பட்டது."

அதுல எழுத முடியாதது: மயிலாத்தாள்ங்கற பொம்பளைகிட்ட முக்கா மணி நேரம் நின்ன எடத்துலயே திட்டு வாங்கினேன். சர்வேயர் டைரி மாசாமாசம் மேலே போகும். அதுல வெயில், பசி, கோபம் எதையும் எழுதப்படாது. அதுக்குத்தான் இந்த டைரி.

"ரேணுகாதேவின்னு சாமி பேர வெச்சுக்கிட்டு, ஊட்டை இடிக்கறதுக்குக் கடுதாசி கொண்டாந்திருக்கறயே அம்மணி, உனக்கே இது நல்லாருக்குதா?"ன்னு ஆரம்பிச்சா. எம்பேரு அவளுக்கு எப்படித் தெரியும்னு பாத்தா, நோட்டீசுல கீழ என் கையெழுத்து.

விவரம் இதுதான். ஊருக்கு மேக்கால ஒரு பழைய மண்கோட்டை இருக்குது. மதிலும் கொத்தளமும் கிடையாது. எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்தி எவனோ ஒரு சிற்றரசன் சதுரமா மண்கரை போட்டு, சுத்தியும் அகழி வெட்டி, உள்ள ஒரு ஊரைக் குடி வெச்சிருக்கான். இப்ப ஊரும் இல்ல, ராசாவும் இல்ல. கரை மட்டும் ஆள் உசரத்துக்கு மேடா நிக்குது. அகழி மூணு பக்கம் பள்ளமாத் தெரியும். கிழக்குப் பக்கம் மண்ணு மூடி, முள்ளு மொளைச்சு, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. காகிதத்துல மட்டும் அது இன்னும் அறுபதடி அகலத்துக்கு நீர்நிலைப் புறம்போக்கு.

நீர்நிலையில வீடு இருந்தா எடுத்தே ஆகோணும்னு உத்தரவு. ஏப்ரல்ல நான் போய் அளந்தேன். மயிலாத்தாள் வீடு முழுசா அகழிக்குள்ள விழுந்துச்சு. ஜூன் 28 காலையில பத்து மணிக்கு இடிக்கறாங்க.

"பட்டா இருக்குதுங்க"ன்னு காகிதத்தை நீட்டினா. பட்டா இருக்குது, சரி. அந்தப் பட்டா எங்க முடிஞ்சு பள்ளம் எங்க ஆரம்பிக்குதுன்னு அளவுதானே சொல்லோணும்?

"முப்பத்திமூணு வருசமாக் குடியிருக்கறேன். ஆவணியில பையனுக்குக் கல்யாணம். வர்ற புள்ளைய எங்க கூட்டியாந்து உக்கார வெக்கறது, உன்ற ஆபீஸ்லயா?"

கதவுல நோட்டீஸை ஒட்டிப்போட்டுக் கிளம்பினேன். கிளம்பறப்ப ஒரு சொம்பு மோர் குடுத்தா. திட்டிக்கிட்டேதான் குடுத்தா.

பொழுதோட நம்ம புது வீட்டைப் பாக்கப் போனேன். ஹாலுக்கு டைல்ஸ் ஒட்ட ஆரம்பிச்சிருக்காங்க. நான் எடுத்த சந்தன நிறம் அருமையா இருக்குது.

ஜூன் 4, செவ்வாய்

சமையல் மேடைக்குக் கருப்புக் கல்லா பச்சைக் கல்லான்னு வீட்டுக்காரரோட ஒரு மணி நேரம் சண்டை. கருப்பு.

ஜூன் 6, வியாழன்

மயிலாத்தாள் ஆபீசுக்கே வந்துட்டா. மஞ்சப்பைக்குள்ள கையை விட்டு ஒரு பாறைத்துண்டை எடுத்து, என் மேசையில விரிச்சிருந்த வரைபடத்து மேலயே டொம்முன்னு வெச்சா.

"ஏனுங் சர்வேயரம்மா, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில கக்கூசுக்குக் குழி வெட்டறப்ப வந்தது இது. ரெண்டே அடி. அதுக்குக் கீழ கடப்பாரை எறங்கல. குழியவே அக்கட்டால மாத்தித்தான் வெட்டினோம்."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"அகழின்னா ஆழமாத்தான வெட்டியிருப்பாங்க? அது மூடிப்போச்சுன்னா தோண்டறப்ப மண்ணுதான வரோணும்? பாறை எப்புடி வந்துச்சு? உங்க ராசா தண்ணிய என்ன, பாறை மேலயா ஊத்தி வெச்சிருந்தான்?"

ஆபீஸே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. "மனுவா எழுதிக் குடுங்க"ன்னேன்.

"எனக்கு எழுதத் தெரியாது. இதுதான் மனு, வெச்சுக்கோ"ன்னு பாறையை விட்டுட்டுப் போயிட்டா.

ஜூன் 7, வெள்ளி

பாறை மேசை மேலயேதான் இருக்குது. காத்துக் காலத்துல காகிதம் பறக்காம இருக்க உபயோகமா இருக்குது. வேற விசேசம் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி தொவைச்சேன். இட்லிக்கு ஆட்டி வெச்சேன். அதோட சும்மா இருந்திருக்கலாம். வரைபடத்தை விரிச்சு மறுபடி கணக்குப் போட்டேன்.

கோட்டைக்குப் போற பழைய வண்டித்தடத்தை அந்த ஊர்ல இட்டேரின்னு சொல்றாங்க. அது கோட்டையைத் தொடற முனையில, மூணு ஊர் எல்லை கூடற எடத்துல, முச்சந்திக் கல்லு நிக்குது. அந்தக் கல்லுல இருந்துதான் ஏப்ரல்ல சங்கிலி பிடிச்சோம். மூணு தடவை கணக்குப் போட்டேன். மூணு தடவையும் வீடு அகழிக்குள்ளதான் வருது. கணக்குல தப்பில்ல.

பள்ளத்தோட தென்கிழக்கு மூலையில இன்னொரு கல்லு உண்டு. அதுல இருந்தும் ஒரு தடவை அளந்து, ரெண்டும் பொருந்துதான்னு பாக்கறது முறை. அன்னைக்கு அங்க ஒரே முள்ளு. போக முடியல.

ஜூன் 12, புதன்

டீக்கடையில துளசிமணிண்ணன்கிட்ட பேச்சுவாக்குல கேட்டேன். அவர்தான் எனக்குச் சங்கிலி பிடிக்கறவர். "அன்னைக்கு மூலைக்கல்லுக்குப் போக முடியாத அளவுக்கு முள்ளு இருந்துச்சுல்லண்ணா?"

டீயை ஊதிக்கிட்டே சொன்னார். "இருந்துச்சுங். அருவா இருக்குது, ரெண்டு மணி நேரத்துல வெட்டிப்போடலாம்னு சொன்னனுங். நீங்கதான் வேண்டாம், நேரமாச்சுன்னீங்க."

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"நான் எதுக்குங் மேடம் பொய் சொல்றேன்?"

"எல்லாத்துக்கும் நாந்தான் காரணமா?"ன்னு கத்திப்போட்டேன். டீக்கடையே திரும்பிப் பாத்துச்சு. அவர் கிளாஸைக் கீழ வெச்சார். அப்பறம் அவருக்கு ரெண்டு போண்டா வாங்கிக் குடுத்தேன். மன்னிப்புக் கேக்கத் தெரியாதவளுக்குப் போண்டாதான் கதி.

ஜூன் 16, ஞாயிறு

லீவு நாள்னு பாக்காம துளசிமணிண்ணனைக் கூட்டிக்கிட்டு, ரெண்டு அருவாளோட வெடியால ஆறு மணிக்கெல்லாம் கோட்டைவலசு போயிட்டேன். ஆபீஸ் டைரியில இது வராது.

ஏப்ரல்ல ஜீப்புல சுத்துவழியா கோட்டைக்கே போய் இறங்கினோம். அதனால இட்டேரிக்குள்ள நான் கால் வெச்சதில்ல. இன்னைக்கு பஸ்ஸை விட்டு எறங்கி அது வழியாத்தான் நடந்தோம். தார் ரோட்டைத் தாண்டினதும் தரை கீழ போய்க்கிட்டே இருக்குது. எத்தனை நூறு வருசம் வண்டிச் சக்கரம் அறுத்துச்சோ, எத்தனை மழைத்தண்ணி அரிச்சுதோ, தடம் ஆள் உசரத்துக்கு மேல அமுங்கிப் போயிருக்குது. ரெண்டு கரையிலயும் கள்ளி, கிளுவை, பிரண்டை. மேல காட்டுல காத்து பேயா அடிக்குது. உள்ள ஒரு இலை அசையல. இதுக்குள்ள வண்டி போனா மேல நிக்கறவனுக்கு மாட்டுக் கொம்பு கூடத் தெரியாது. கோட்டைக்குள்ள இருந்த சனத்துக்கு உப்பு, தானியம், கல்யாணப் பொண்ணு எல்லாம் இது வழியாத்தான் வந்திருக்கோணும். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "சித்தெ பேசாம நடங்க மேடம், நல்லா இருக்குது"ன்னார் துளசிமணிண்ணன். பேசாம நடந்தோம்.

முள்ளு வெட்ட ரெண்டரை மணி நேரம் ஆச்சு. மூலைக்கல்லு இருந்துச்சு. தலையில பெருக்கல் குறி பளிச்சுன்னு தெரிஞ்சுது. அளவுக்கல்லுக்கு அதுதான் அடையாளம்.

அங்க இருந்து முச்சந்திக் கல்லுக்கு அளந்தோம். வரைபடத்துல இருக்கற தூரத்துக்கும் நெசத் தூரத்துக்கும் முப்பத்தெட்டு அடி வித்தியாசம்.

"மறுபடி பிடிங்கண்ணா." முப்பத்தெட்டு.

"இன்னொருக்கா." முப்பத்தெட்டு.

நான் முச்சந்திக் கல்லுன்னு நெனச்சுப் பிடிச்ச கல்லு இருக்கவேண்டிய எடத்துல இருந்து கிழக்கால முப்பத்தெட்டு அடி தள்ளி நிக்குது. அப்படின்னா அகழியும் மேக்கால முப்பத்தெட்டு அடி போகோணும். மயிலாத்தாள் வீட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒன்பதடி எடம் கிடக்கும்.

அப்பத்தான் அவ வந்தா. "ஞாயித்துக்கெழமையும் வந்துட்டயா? இடிக்கறதுக்கு அத்தனை அவசரமா?"

"சும்மா பாக்க வந்தோமுங்க."

"சும்மா பாக்க வர இதென்ன பொருட்காட்சியா? அட, கையப் பாரு, முள்ளுக் கீறி ரத்தம் வடியுது. வா, மஞ்சள் வெக்கறேன்."

வெச்சு விட்டா. எரிஞ்சுது. அளவு தப்புங்கறதை அவகிட்ட சொல்லாமயே கிளம்பி வந்துட்டேன்.

ஜூன் 17, திங்கள்

ஏப்ரல் 11, ஆபீஸ் டைரி: "தென்கிழக்கு மூலைக்கல்லிலிருந்து சரிபார்ப்பு அளவை செய்யப்பட்டது. அளவுகள் பொருந்துகின்றன." என் கையெழுத்து.

ஏப்ரல் 11, இந்த டைரி: "மூணு மணிக்கு டைல்ஸ் கடை. சந்தன நிறம் கடைசி ஸ்டாக்காம். நல்லவேளை, ஓடிப்போய்ப் பிடிச்சேன்."

அவ்வளவுதான் எழுதியிருக்கேன். என்ற வீட்டுக்குத் தரை எடுக்கற அவசரத்துல இன்னொருத்தி வீட்டைத் தரைமட்டம் ஆக்க எழுதிக் குடுத்திருக்கேன். எழுதிட்டேன். இனி இந்தப் பக்கத்தை நான் கிழிக்கப்படாது.

ஜூன் 18, செவ்வாய்

தாசில்தார்கிட்ட போனேன். மூலைக்கல்லோட அளவு பொருந்தல, இடிக்கறதை நிறுத்தோணும்னு சொன்னேன்.

"ரெண்டு கல்லு ரெண்டு விதமாச் சொல்லுது. எது பொய் சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மூலைக்கல்லு நகந்திருக்கலாமே? முச்சந்திக் கல்லு தப்புன்னா நெசமான கல்லு எங்கேன்னு காட்டுங்க. இல்லாட்டி மேல நான் என்னன்னு பதில் சொல்றது? தேதியில மாத்தமில்லை." அப்பறம் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார். "ஏப்ரல்ல சரிபார்த்தீங்கதானே?"

"ஆமாங்க சார்"னு சொல்லிப்போட்டேன்.

ஜூன் 19, புதன்

ஏப்ரல்ல சங்கிலி பிடிச்ச அந்தக் கல்லைப் போய்த் தேய்ச்சுப் பாத்தேன். தலையில குறி இல்ல. பக்கவாட்டுல ஒரு துளை. ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒருத்தர், "அது படல் கட்டறதுக்கு எங்க மாமனார் நட்ட கல்லுங்க"ன்னார். தோட்டத்துக்குள்ள ஆடு மாடு நுழையாம முள்ளுப் படல் சாத்தற கல்லு. அதை வெச்சு நான் ஒரு வீட்டை இடிக்கச் சொல்லியிருக்கேன்.

துளை மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடையிலதான் இருக்குது. குனிஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இன்னும் ஒன்பது நாள்.

ஜூன் 21, வெள்ளி

மத்தியானம் வரைக்கும் இட்டேரிக் கரையைத் தடவித் தடவித் தேடினோம். ரெண்டு ஒடக்கானும் ஒரு சாரைப்பாம்பும் கண்டதுதான் மிச்சம். ஒரு எடத்துல கரை சரிஞ்சு கிடக்குது. கணக்குப்படி கல்லு அங்கதான் நிக்கோணும். கல்லு இல்ல.

மயிலாத்தாள் வீட்டுக்குப் பின்னால வேம்படியில கன்னிமார் கோயில். கோயில்னா சுவரு கூரை இல்ல, வரிசையா நட்ட கல்லுகதான். வெள்ளிக்கிழமைப் பூசை நடந்துட்டிருந்துச்சு. "வா அம்மணி, துண்ணூறு வாங்கிட்டுப் போ. இடிக்கற கைக்கும் சாமி குடுக்கும்"னு கூப்பிட்டா.

எதைப் பாத்தாலும் எண்ணறது எனக்குப் பழக்கம். எண்ணினேன். எட்டு.

"கன்னிமார் ஏழு பேருதானுங்களே?"

"எட்டாவது கருப்பராயன். புள்ளைகளுக்குக் காவலு."

ஏழு கல்லும் பள்ளத்துல பொறுக்கின உருண்டைக் கல்லு. எட்டாவது நாலு மூலையும் உளி வெச்சு அடிச்ச சதுரக் கல்லு. தலையில மஞ்சளும் எண்ணெயும் விரக்கடை கனத்துக்கு அப்பிக் கிடக்குது. அளவுக்கல்லும் அப்படித்தான் இருக்கும். அதையே பாத்துட்டு துண்ணூறை வாங்கினதுல பாதி கீழ கொட்டிப்போச்சு.

ஜூன் 22, சனி

மயிலாத்தாள்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். படல் கல்லு, முள்ளு, மூணு மணிக் கடை, டைல்ஸ். தாசில்தார்கிட்ட சொல்லாததை அவகிட்டச் சொன்னேன்.

ரொம்ப நேரம் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுட்டே இருந்தா. அப்பறம் திரும்பினா. "அப்ப நான் சோறு எறங்காமக் கெடந்தது, என்ற பையன் மொகத்தைப் பாக்க முடியாம நின்னது, சம்பந்தி ஊட்டுக்காரங்க போனை எடுக்காததெல்லாம் உன்ற தரைக்கல்லுக்காகவா?"

"ஆமாங்க."

"நல்லா இருப்பியா நீ?"ன்னா. அழுகை வந்துருச்சு. வெக்கமே இல்லாம ஆட்டுப்பட்டிக்குள்ள நின்னு அழுதேன்.

அவளா சமாதானம் ஆனப்பறம் எட்டாவது கல்லைப் பத்திக் கேட்டேன். அவ சொன்னது அப்படியே:

"கண்ணாலமாகி நாலு வருசம் புள்ளையில்ல. ஒரு மழையில இட்டேரிக் கரை சரிஞ்சு இந்தச் சாமி கீழ உழுந்து கெடந்துச்சு. தலையில வேலு மாதிரி குறி. உச்சி வெயில்ல குப்புறக் கெடக்கறாரே, பாவமேன்னு நானும் என்ற ஊட்டுக்காரரும் தூக்கியாந்து இந்த வேம்படி நெழல்ல நட்டோம். மக்கா வருசமே என்ற பையன் பூபதி பொறந்தான்."

"அது சாமி இல்லீங்க, அளவுக்கல்லு"ன்னு சொல்ல வந்தேன். சொல்லல. "தலையைக் கழுவிக் குறியைப் பாக்கோணும். கல்லை அசைக்க மாட்டேன். அதுல குறி இருந்தா உங்க வீடு தப்பிச்சுது"ன்னு மட்டும் சொன்னேன்.

"கழுவப்படாது. அடியில பூபதி பொறந்தன்னைக்கு வெச்ச மஞ்சள் இருக்குது. அவங்கப்பன் செத்தன்னைக்கு வெச்சதும் அதுலதான் இருக்குது. ஊடு போனாப் போவுது."

இப்படி ஒரு பொம்பளை! எனக்குக் கோபமும் வந்துச்சு, கும்பிடவும் தோணுச்சு. கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்து, "வேண்டாங்கறதுக்கு நான் யாரு? அவரையே கேக்கலாம். செவ்வாக்கெழம பூப்போட்டுப் பாக்கலாம், வா"ன்னா.

ஜூன் 25, செவ்வாய்

பூசாரி கல்லு உச்சியில ஒரு வெள்ளை அரளிப் பூவை வெச்சார். வலப்பக்கம் விழுந்தா சம்மதம். இடப்பக்கம் விழுந்தா கூடாது. ஊருல இருபது பேரு சுத்தி நின்னாங்க. நானும் துளசிமணிண்ணனும் ஓரமா நின்னோம்.

பூ விழுகல. ஊரையே தூக்கற காத்து அடிக்குது, அந்தப் பூ எண்ணெயில ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல. அரை மணி நேரம். முக்கா மணி. இன்னும் மூணே நாள், அது ஒரு பூவுல தொங்குது.

அப்ப மயிலாத்தாளோட செவலை ஆடு கூட்டத்துக்குள்ள பூந்து வந்து, எல்லாரும் பாத்துட்டிருக்கறப்பவே அந்தப் பூவை நக்கித் தின்னுப்போட்டுது.

பூசாரி தாடையைத் தடவினார். "ஆடு எந்தப் பக்கமா வந்து தின்னுச்சு?"

"வலப்பக்கம்!"னு இருபது பேரும் ஒட்டுக்காக் கத்தினாங்க. நெசமாவே வலப்பக்கம்தான்.

"அப்பறம் என்ன, உத்தரவு குடுத்தாச்சு"ன்னார்.

கழுவ யாரையும் விடல அவ. சீயக்காய் கரைச்சு, சின்னக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டற மாதிரி அவளே தேய்ச்சா. மஞ்சள் பொருக்குப் பொருக்கா வந்துச்சு. ஒண்ணையும் கீழ விடாம முந்தானையில வாங்கினா. கடைசியில கல்லு தெரிஞ்சுது. நடுவுல ரெண்டு கோடு, ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு.

"குறி இருக்குதுங் மேடம்!"னு துளசிமணிண்ணன் துள்ளினார். மயிலாத்தாள் விரலை வெச்சு அந்தக் கோட்டைத் தடவிப் பாத்துட்டே இருந்தா. "வேலுன்னுதான் நெனச்சேன்"னா.

ஜூன் 26, புதன்

காலையில முதல் வேலையா தாசில்தார் முன்னால போய் நின்னேன். "ஏப்ரல்ல நான் சரிபார்க்கல சார். டைரியில பொய் எழுதினேன். போன வாரம் உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

"அதுக்கு அப்பறம் வர்றேன். மொதல்ல ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க"ன்னார்.

மூலைக்கல்லையும், பள்ளத்துக்கு வடக்கால இருக்கற இன்னொரு அளவுக்கல்லையும் வெச்சு எடத்தைக் குறிச்சோம். படல் கல்லுக்கு மேக்கால முப்பத்தெட்டு அடி, கரை சரிஞ்சு கிடந்த அதே எடம். அந்தக் காலத்துல எல்லைக் கல்லு நட்டா அடியில கரியைப் போட்டுப் புதைப்பாங்க, கல்லு போனாலும் கரி மக்காதுன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. துளசிமணிண்ணன் தோண்டினார். ஒரு அடி, வெறும் மண்ணு. ஒண்ணரை அடி, வெறும் மண்ணு. தாசில்தார் கடிகாரத்தைப் பாத்தார்.

ரெண்டடியில மண்ணு கருப்பாச்சு. கையை விட்டு அள்ளினேன். அடுப்புக்கரித் துண்டுக. கை பூராக் கரி. அதோட மொகத்தைத் தொடைச்சிருக்கேன் போல. தாசில்தார் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டார்.

"இடிக்கறது ரத்து"ன்னார்.

அப்பா! இருபத்திமூணு நாளா நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிருச்சு.

ஜூன் 27, வியாழன்

அறிக்கை எழுதினேன். "முச்சந்திக் கல் கரைச் சரிவினால் இடம் பெயர்ந்திருந்தது." யாரு தூக்கினது, எதுக்குத் தூக்கினதுன்னு அறிக்கையில இல்ல. இந்த டைரியோட இருக்கட்டும்.

அடுத்த வரி, "சரிபார்ப்பு அளவை செய்யப்படவில்லை"ன்னு வந்துச்சு. அடிச்சுட்டு, "நான் சரிபார்க்கவில்லை"ன்னு எழுதினேன்.

ஜூன் 28, வெள்ளி

லீவு போட்டுட்டு மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். ரத்துன்னு எழுதின உத்தரவை நேத்தே குடுத்தாச்சு. அவ நம்பல. காகிதந்தான இடிக்கறேன்னுச்சு, அதே காகிதம் இடிக்கலைன்னா எப்படி நம்பறதுங்கறா. பாத்திரம், துணி, பூபதியோட பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் மூட்டை கட்டி வாசல்ல வெச்சுட்டு, கட்டில்ல உக்காந்திருந்தா. நானும் பக்கத்துல உக்காந்தேன்.

பத்து மணி ஆச்சு. வண்டி வரல. பதினொண்ணு ஆச்சு. ரோட்டுல ஏதோ எஞ்சின் சத்தம் கேட்டு ரெண்டு பேரும் எந்திரிச்சோம். தேங்காய் ஏத்தப் போற டெம்போ.

பன்னெண்டு மணிக்கு மூட்டையை அவிழ்த்து மொதல்ல பால் சட்டியை எடுத்தா. "உக்காரு, காப்பி வெக்கறேன்"னா. நான் மூட்டையெல்லாம் உள்ள எடுத்து வெச்சேன். எந்தச் சாமான் எங்க இருந்துச்சுன்னு உள்ள இருந்துட்டே சத்தம் போட்டுச் சொன்னா. சம்பந்தி வீட்டுல இருந்து போன் வந்துச்சு. எடுத்து, "நல்லாருக்கறோமுங், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்"னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினா. அந்தச் சிரிப்பை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

ஜூலை 9, செவ்வாய்

மெமோ வந்தாச்சு. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க. எடுக்கலாம்னு பதில் எழுதிட்டேன். வீட்டுக்காரர் திட்டினார். ஆனா நல்லாத் தூக்கம் வருது.

ஜூலை 19, ஆடி வெள்ளி

கருப்பராயனை ஊரே அசைக்க விடல. அவர் வேம்படியிலயே இருக்கட்டும்னு, பழைய எடத்துல புதுக் கல்லு ஒண்ணு நடச் சொல்லி உத்தரவு. முந்தாநாள் நட்டோம். அடியில ஒரு கூடை கரி போட்டேன்.

இன்னைக்கு வேற வேலையா அந்தப் பக்கம் போனவ எட்டிப் பாத்தேன். பாத்தா, புதுக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, அரளி மாலை போட்டு, முன்னால ஒடைச்ச தேங்காய்.

"மயிலாத்தாக்கா! என்னங்க இது?"

"ஊட்டைக் காப்பாத்தின சாமியாச்சே, ஆடி வெள்ளியும் அதுவுமா சும்மா உடறதா?"

"கும்பிடுங்க, வேண்டாங்கல. ஆனா இதை மட்டும் எங்கயும் நகத்திப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் எதுக்கு நகத்தறேன்?"ன்னா. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கிட்டு அந்தக் கல்லையே பாத்தா. "ஆனாப் பாரு அம்மணி, உச்சி வெயில்ல மொட்டையா நிக்கறாரு. பாவமா இருக்குது."

ஜூலை 22, திங்கள்

ஆபீஸ் டைரி: "புதிய முச்சந்திக் கல் பார்வையிடப்பட்டது. கல் நிலையாக உள்ளது."

இதுல: நர்சரியில ஒரு வேப்பங்கன்னு வாங்கிட்டுப் போய் அந்தக் கல்லுக்கு மேக்கால நட்டேன். பத்தடி தள்ளி, வேரு கல்லை அசைக்காத தூரத்துல, மரமானா மத்தியான நெழல் கல்லு மேல வர்ற மாதிரி. ஆடு கடிக்காம துளசிமணிண்ணன் சுத்தியும் முள்ளு கட்டினார். மயிலாத்தாக்கா ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டு, தெனமும் ஊத்தறேன்னு கல்லு மேல சத்தியம் பண்ணினா.

கன்னு நடற எடத்தை ரெண்டு தடவை அளந்தேன்.